ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு

சேந்தாந்த்ரேயில், சர்க்கரை ஆலை வாசலில்,
கரும்பு லாரிகளை நிறுத்து எண் எழுதுவது என் வேலை.
எண் எழுதுகிறவனுக்கு எண்ணின் மேல் பக்தி வராது.
அப்படித்தான் நினைத்திருந்தேன்,
சேன் தெனி ஆவணக்காப்பகத்தில்
ஒரு பேரேட்டைப் பிள்ளைபோல் மெத்தைமேல் கிடத்தி
"பென்சில் மட்டும்" என்று சொல்லிவிட்டு
மதாம் மொரேல் நகர்ந்துபோகும் வரை.

ஆண்டுதோறும் சம்ப்ளானி கொடுக்கிறோம்.
சாம்பிராணிதான் எங்கள் வாயில் அப்படி ஆனது என்பார்கள்.
வாழையிலையில் ஆட்டுக்கறி,
ஊறுகாயின் பேரப்பிள்ளையான ருகாய்,
ஒரு குவளை ரம், பற்றவைத்த சிகரெட்.
அப்பாவைப் பெயர் சொல்லி அழைப்போம்.
அவர் அப்பாவை. அவருக்கும் அப்பாவை.
அதற்குமேல் பூசாரி எங்களைப் பார்ப்பார்,
நாங்கள் தரையைப் பார்ப்போம்.
"பெயர் தெரியாதவர்களே, நீங்களும் வாருங்கள்."
எந்தக் கதவு என்று தெரியாமல்
தெருமுனையில் நிற்கிறார்களோ என்று
ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு இறங்காது.

எண் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.
காரைக்காலில் கப்பலேறியவன்.
சாதேயேன் என்றுதான் குமாஸ்தா எழுதியிருந்தார்.
பள்ளியிலும் பட்டாளத்திலும்
அப்படியே கூப்பிடப்பட்ட நான்
அதை மெல்லத் திருப்பி எழுத்துக்கூட்டினேன்:
ச, டை, யன்.
என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ்,
டகரத்தில் நாக்கு இன்னும் வழுக்கும்.
நாற்பத்தாறு வயதில்தான் என் பெயரை நான் சரியாகச் சொன்னேன்.
தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.
வயது சுமார் இருபது.
இடது புருவத்தில் தழும்பு.
உயரம், ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு.

யாரோ அவனைக் கம்பத்தோடு ஒட்டி நிற்கவைத்து
தலையில் கட்டையை இறக்கி அளந்திருக்கிறார்கள்,
நான் கரும்பை நிறுப்பதுபோல.
ஆனால் அந்த அளவைத் தவிர
அவன் உடம்பில் எங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து டேப் எடுத்தேன்.
வாசல் நிலைக்காலில் அளந்து பென்சிலால் கீறினேன்.
என் மூக்குவரை வந்தான்.
கீறலுக்குத் திருநீறு வைத்தேன், குங்குமம் வைத்தேன்.
"புது பெயின்ட்!" என்று கத்திக்கொண்டே வந்த தங்கை மார்லேன்
சட்டென்று நின்றாள்.
முழங்காலைக் கொஞ்சம் மடக்கி
அந்த உயரத்துக்குத் தன் நெற்றியைக் கொண்டுபோனாள்.
ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்கும் போகிறவள்.
எங்கும் அவ்வளவு நேரம் அவள் நின்று பார்த்ததில்லை.

மறுவாரம் இன்னொரு தாள்,
அவன் மகனின் பிறப்புப் பதிவு.
தாய்: உர்சூல்.
பிறந்தது மொசாம்பிக்கில். நாற்பத்தெட்டில் விடுதலையானவள்.
குடும்பப்பெயர், அன்று காலை
ஏதோ ஒரு குமாஸ்தாவின் வாயில் வந்த சொல்.
உயரம் இல்லை. தழும்பும் இல்லை.
இருந்திருக்கும். எழுதத்தான் ஆளில்லை.

"நம் சம்ப்ளானியிலா? அவள் சாமியே வேறு"
என்றான் பெரியப்பா மகன் ரொசெலின்.
எனக்குப் பதில் வரவில்லை.
பூசாரி ஒன்றும் பேசாமல்
இன்னொரு இலை நறுக்கினார்.

இலை போடலாம். ரம் ஊற்றலாம்.
உர்சூல் என்று வாய்விட்டுக் கூப்பிடலாம், கூப்பிட்டோம்.
ஆனால் வாசலில்
அவளை எந்த உயரத்தில் வைப்பது?

மஞ்சளைக் குழைத்தேன்.
படியிலிருந்து பூசத் தொடங்கி,
கை எட்டாத இடத்துக்கு நாற்காலி போட்டு,
இரண்டு நிலைக்காலும் முழுக்க, உத்தரம் வரை.
இதற்குள் எங்காவது இருப்பாள்.

திங்கட்கிழமை எடைமேடையில்
முதல் லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்:
"சட்டையெல்லாம் மஞ்சள். எதில் இடித்துக்கொண்டாய்?"
அவன் வண்டியின் எடையை எழுதி முடித்துவிட்டுத்தான் பார்த்தேன்.
வலது தோளில்,
ஓர் உள்ளங்கை அகலத்துக்கு.
தட்டிவிடவில்லை.